ஒன்றரை அடித் தொட்டி

9-3-2025, ஞாயிறு
இசைப்பிரியா இன்றும் வரவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். அப்பன் இருக்கும் இந்தக் குவார்ட்டர்ஸில் கால் வைத்தது இரண்டே தடவை. முத்தாண்டிக்குப்பத்தில் அவள் புருஷன் சுபாஷ், அந்தக் கான்ட்ராக்ட் கூலிப் பயல், உப்புத்தண்ணீரில் கடல்மீன் வளர்க்கிறானாம். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். சரி, நானும் ஒரு தொட்டி வாங்குகிறேன். மீனைப் பார்க்கவாவது வருவாள்.

12-3
இவள் சொல்லியிருப்பாள், அவனே போன் செய்தான். "மாமா, உப்புத்தண்ணிக்கு சின்னது ஆவாதுங்க. நாலடி எடுங்க. தண்ணி நெறய இருந்தா, புதுசா வளக்கறவங்க தப்பு பண்ணாலும் மீனு தாங்கும்."
தப்புப் பண்ணுவேனாம்! முப்பத்தொரு வருஷம் மைன்ஸில் மெஷின் பார்க்கிறவன் இந்த ராஜாங்கம். யாருக்கு யார் மாமா?

16-3
ஒன்றரை அடி வாங்கினேன். வேண்டுமென்றே.

20-4, ஞாயிறு
ஒரு மாதம் வெறும் உப்புத்தண்ணீரை ஓடவிட்டு, இன்றுதான் மீன் விட்டேன். இரண்டு, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை. வந்தாள்! சாயங்காலம்வரை இருந்தாள். அவனும் வந்தான். தொட்டியைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. திமிர்.

29-4
என்ன வெயில்! தினமும் ஒரு விரல் தண்ணீர் குறைகிறது. உப்புத்தண்ணீரே கரைத்து ஊற்றுகிறேன். மெஷினில் எந்த ஆயில் குறைகிறதோ அதே ஆயில்தானே ஊற்றுவோம்? இதையும் அவனிடம் கேட்கணுமா?

6-5
இரண்டும் செத்துப் போச்சு.

7-5
இசைப்பிரியா தனியாக வந்து உப்பை அளந்து பார்த்தாள். "வெயில்ல தண்ணிதானப்பா போவுது, உப்பு அப்படியேதான இருக்கும்? நல்ல தண்ணி ஊத்தியிருக்கணும். நாலடின்னா இவ்ளோ சீக்கிரம் ஏறியிருக்காது."
"உம் புருஷன் சொல்லிக் குடுத்தானா?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுத் தொலைத்தேன்.
"அவரு பெருசு வாங்குங்கன்னாரு, அதுக்குன்னே சின்னது வாங்கின. மீனு உன்ன என்னப்பா பண்ணிச்சு?"
காபியைத் தொடாமலே போய்விட்டாள்.

18-5
போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாள். எல்லாம் அவனால்தான் — அவனாலா? போடா ராஜாங்கம்.

1-6, ஞாயிறு
நாலடித் தொட்டி வந்தது. வண்டிக்காரன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். தனியாக அசைக்கக்கூட முடியவில்லை. பக்கத்து பிளாக்கில் ஆள் இல்லாமலில்லை; அவனுக்குத்தான் போன் போட்டேன். அரை மணியில் வந்தான். ஒரு முனை அவன், மறுமுனை நான். "பாத்துங்க மாமா, படி" என்றான். அவனை இன்னும் பிடிக்கவில்லை. காபியில் வேண்டுமென்றே சர்க்கரை போடவில்லை. முகம் சுளிக்காமல் குடித்தான்.
கிளம்பும்போது கேட்டேன். "தண்ணி கொறஞ்சா என்ன ஊத்தணும்?"
"நல்ல தண்ணிங்க, மாமா."
எனக்குத் தெரியாதா என்ன? போய் அவளிடம் சொல்வான், உங்கப்பா என்னிடம் கேட்டார் என்று. சொல்லட்டும்.