கடவுச்சொல்லை உடனே மாற்று

கண்டி
12.06.2007

அன்பு மகன் பாகனுக்கு,

அம்மா சுகமாயிருக்கிறேன், நீ பதறக்கூடாதென்று இதை முதலில் சொல்கிறேன். நீயும் கமலாசனியும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். கடைக்கார ஹலீமின் தங்கை ரபீகா நாளை ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறா, மாசிக் கருவாட்டுப் பொதிக்குள் வைத்து இதைக் கொண்டுவருவா. தொலைபேசியில் பேசக்கூடிய விஷயமில்லை. ஞாயிறு காலை வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் என் கணினியைக் கொண்டுபோய்விட்டார்கள். இதில என்ன டீச்சர் இருக்கு என்று ஒருவர் கேட்டார், ஒன்றுமில்லை மாத்தையா என்றேன். பொய்யில்லை. வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னால், குழாய்தான் என் வீட்டில், தண்ணீர்த் தாங்கி உன் வீட்டில். நீ காட்டித்தந்தபடி இங்கிருந்தே உன் சேர்வருக்குள் போய், அங்குள்ள தமிழ் எழுதும் செயலியில்தான் பக்கத்துவீட்டு மயில்வாகனத்துக்கான மனுவை எழுதினேன். அவரை ஜீப்பில் ஏற்றி இன்றைக்கு இருபத்தாறு நாள், பொலிசில் கேட்டால் அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்கிறார்கள். கண்ணால் கண்டவர்கள் என்று அவர் மனைவி மங்களேஸ்வரியின் பெயரும் ஹலீமின் பெயரும் அதில் இருக்கின்றன.

பிழை என்னுடையது. கடவுச்சொல்லை மூன்று தரம் பிழையாக அடித்த எரிச்சலில், நினைவில் வைத்துக்கொள் என்ற சின்னப் பெட்டியில் சரி போட்டுவிட்டேன். முப்பத்திநாலு வருஷம் பிள்ளைகளின் கொப்பியில் பார்த்துப் பார்த்துச் சரி போட்டவள்! மின்சாரம் போனதால் முறையாக வெளியேறவுமில்லை, மனு அங்கே திறந்தபடியே கிடக்கும். கணினி தெரிந்த ஒருவர் வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வருவாராம். அவர் குழாயைத் திருகினால் இரண்டு பெயரும் கொட்டும். ஹலீமிடம் சொன்னேன். என்ட பேர எழுத்துப் பிழையில்லாம அடிச்சீங்களா டீச்சர் என்று சிரித்தார், ஆனால் அன்று கடைக் கதவைப் பாதிதான் திறந்திருந்தார். ஆகவே இது கிடைத்த நிமிடமே கடவுச்சொல்லை மாற்று, பழைய தொடர்பையும் உன் பக்கமிருந்து மூடு. மனுவை மட்டும் அழித்துவிடாதே ராசா. என்னை நினைத்து உனக்கு அழிக்கத்தான் தோன்றும். பெயர்களை வெளியில் விடாத மனித உரிமை அலுவலகம் ஒன்று அங்கே இருக்கிறதென்றாயே, அச்செடுத்து அங்கே கொடு. மூன்று சாட்சியாவது கேட்பார்களென்று நீ சொன்னதால் மூன்றாவது இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். மயில்வாகனத்தை ஏற்றிய அன்று எங்கள் வாசல் படலையடியில் நின்று நானும் கண்டேன், பாகன். நீ கவலைப்படுவாயென்று உனக்குச் சொல்லவில்லை. ஹலீமின் பெயருக்குக் கீழே என் பெயரை அடி.

வேலை வேலையென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஆண்டவன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பான். மறக்காதே, முதலில் பூட்டு, பிறகுதான் பெயர். வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. நீ அடிக்கவேண்டியபடியே முழுப்பெயரையும் கீழே எழுதுகிறேன்.

உன் அம்மா,
சரோஜினிதேவி நவரட்ணராஜா