டீச்சர் அடிக்கவில்லை

பெருமாட்டி
9.11.2025

மரியாதைக்குரிய சித்ரா டீச்சர் அவர்களுக்கு,

ரஜீனா எழுதுகிறேன். பெருமாட்டி அங்கன்வாடியில் உங்களிடம் இரண்டு மாதம் இருந்த ஷஹ்லாவின் அம்மா. உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருக்கிறீர்கள் என்றால் அதுவே பெரிது. நீங்களும் வேல்முருகன் அண்ணனும் உங்கள் மகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகை முடித்துத் தினமும் கேட்கிறேன். அதைக் கேட்பது எந்த வாய் என்பது அல்லாஹ்வுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

உங்களுக்கு இரண்டு முறை போன் செய்தது நான்தான். "ஆருங்க?" என்று உங்கள் குரல் வந்ததும் வைத்துவிட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் தமிழில் பத்தாவது வரை படித்துவிட்டு, எல்லை தாண்டி இந்த மலையாளப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், கடிதமாவது எழுதலாம் என்று துணிந்தேன். விலாசம் கொடுத்தது குப்பண்ணன். உங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றி மலைமேல் ஆனைக்கரையில் கொண்டுவந்து இறக்கினாரே, அவரேதான். முதலில் தர மறுத்தார். பிறகு, "உள்ளத உள்ளபடி எழுதறதுனா எழுதுங்க அம்மிணி. இல்லீன்னா அந்தம்மாவ நிம்மதியா உட்டுருங்க" என்று சொல்லித்தான் தந்தார்.

ஷஹ்லா எப்படி இருக்கிறாள் என்பதைத்தான் நீங்கள் முதலில் தேடுவீர்கள். அவளுக்கு ஐந்தரை வயது ஆகிறது. இந்த மே மாதம் கோயமுத்தூரில் ஆபரேஷன் ஆயிற்று. வலது காதுக்குப் பின்னால் உள்ளே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். வெளியே மாட்டும் மிஷினில் வட்டமாக ஒரு காந்தம் உண்டு, அது தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து அதை முதன்முதலாக ஓடவிட்ட அன்று அவள் சிரிப்பாள் என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் பயந்து அழுது என் புடவைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். அதுவரை அவளுக்கு உலகம் அமைதியாக இருந்திருக்கிறது.

இப்போது பழகிவிட்டாள். குக்கர் விசில் அடித்தால் அடுப்பைக் காட்டுகிறாள். மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பது அவளுக்குப் பெரிய அதிசயம், போட்டுப் போட்டு நிறுத்துகிறாள். சத்தம் போதும் என்று தோன்றினால் மிஷினைக் கழற்றிப் பீரோக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறாள். நான் வீடெல்லாம் தேடுவேன். வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன், மற்ற நாள் வீட்டில் நானே உட்கார்த்தி வைக்கிறேன். "வா" சொல்கிறாள். "பா" சொல்கிறாள், அது பாலா பாப்பாவா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வயதில் வந்திருந்தால் இந்நேரம் என்னை எதிர்த்துப் பேசிக்கொண்டிருப்பாள் என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

டீச்சர், நீங்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒருநாள் சமையலறையில் என் கையிலிருந்து தாம்பாளம் தவறி விழுந்தது. அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி கிளிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த ஷஹ்லா திரும்பவில்லை. தாம்பாளத்தை எடுத்து நானே மறுபடி போட்டேன். அப்போதும் திரும்பவில்லை. தரையில் காலை ஓங்கி மிதித்தேன், திரும்பினாள். கேட்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரை அதிர்ந்ததால் திரும்பினாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எல்லாரையும் ஏமாற்றினேன். அவள் அத்தா கடையிலிருந்து வந்து "ஷஹ்லாக்கண்ணு" என்று வாசலில் கூப்பிட்டால், நான் பின்னால் நின்று அவள் பாவாடையை லேசாக இழுப்பேன். அவள் திரும்புவாள், அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் மாமியார் பாத்து மாமியின் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கடைசிவரை கல்யாணம் இல்லாமல் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கியே அவர் காலம் போயிற்று. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, ஊமைச்சி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல் என் மகள்மேல் வந்து விழுந்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

மூன்று வயதில் அவளை உங்களிடம் சேர்த்தேன். இரண்டாம் மாதம் ஒருநாள் மற்ற பிள்ளைகள் போனபின் என்னை இருக்கச் சொன்னீர்கள். காலையில் விளையாட்டுப் போலப் பிள்ளைகளை வரிசையாக உட்கார்த்தி ஒவ்வொருவர் பின்னாலும் கை தட்டினீர்களாம். எல்லாரும் திரும்பினார்கள், இவள் மட்டும் திரும்பவில்லை. என் முன்னாலும் ஒருமுறை தட்டிக் காட்டினீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரஜீனா, வெசனப்படாதீங்க. புள்ளைக்குக் காது கேக்கறதில்லைன்னு தோணுது. சுருக்கா காட்டிப்போடுங்க, இப்பக் காட்டுனா பேச்சு வந்துரும்" என்றீர்கள். இப்போது நினைத்தால் அம்மா சொல்வதுபோல் இருக்கிறது. அன்று, நான் மூடி வைத்ததை நடுத்தெருவில் திறந்து வைத்துவிட்டீர்கள் என்றுதான் தோன்றியது.

அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காதுக்குக் கீழே கொசு கடித்து அவளே சொறிந்து சிவந்திருந்தது. மாமி அதைப் பார்த்து என்ன இது என்று கேட்டார். "டீச்சர் அடிச்சுப்போட்டாங்க" என்றேன். அவளை அங்கே அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும் என்று மட்டும்தான் அந்த நிமிஷம் நினைத்தேன். அது சத்தியம். ஆனால் சாயங்காலம் அவள் அத்தா வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். தாய்மார் குரூப்பில் அழுதுகொண்டே குரலில் பதிந்து போட்டதும் நான்தான். அவர் பஞ்சாயத்து மெம்பரிடம் போனார், உங்கள்மேல் பராதி எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை.

விசாரணைக்குச் சூப்பர்வைசர் வந்த அன்று நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "நான் அடிச்சதை நீங்க பார்த்தீங்களா, ரஜீனா?" பார்த்தேன் என்றேன். நீங்கள் என்னைத் திட்டவில்லை. என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்து, "எது எப்படியோ, இவளைக் காட்டிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உங்கள் மகளுக்கு நடுவருஷத்தில் டிசி வாங்கினீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேல்முருகன் அண்ணன் ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், நீங்கள் அங்கே காய் தரம் பிரிக்கிறீர்கள் என்பதும் பிறகு தெரிந்தது. பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த உங்களை அங்கே கொண்டுபோய் உட்கார்த்தியது நான்.

அதன் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் நான் அவளைக் காட்டவில்லை. காட்டினால் நீங்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். என் பொய்யைக் காப்பாற்ற என் மகளின் ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டேன். இந்த ஜனவரியில் குப்பண்ணன் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் செருப்புக் கடைக்கு வந்தார். நானும் அன்று கடையில் இருந்தேன். செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, "டீச்சரம்மா போன் பண்றப்பெல்லாம் கேக்குது, அந்தப் புள்ளையைக் காட்டுனாங்களான்னு. நான் என்னன்னு சொல்றது?" என்றார். என் வீட்டுக்காரர் ரியாஸ் கல்லாவைத் திறந்து சில்லறை எண்ணத் தொடங்கினார். உங்கள் பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர் அவர். நான்தான் அடுத்த வாரம் பிடிவாதம் பிடித்து அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். என் வீட்டுக்காரர், அங்கன்வாடி டீச்சர் காதோடு சேர்த்து அடித்தார், அதிலிருந்துதான் என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஸ்கேனைக் காட்டி, இது அடியால் வந்ததில்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று பொறுமையாக விளக்கினார். இத்தோடு என் பொய் செத்துவிடும் என்று நினைத்தேன். திரும்பும் வழியில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியதும் என் வீட்டுக்காரர் சொன்னார், "காது கேக்காத புள்ளைன்னு கூடப் பார்க்காம அடிச்சிருக்கா பாரு." அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை டீச்சர். அப்போதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஷஹ்லாவோடு கடைக்குப் போனேன். கடையில் ஆளில்லை. பயிற்சிக்காக அவளுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன், அவள் திரும்பிச் சிரித்தாள். மறுபடி தட்டினேன், திரும்பினாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இது பயிற்சி டீச்சர் சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லீங்க. சித்ரா டீச்சர் எனக்குக் காட்டினது."

"அது எப்போ?"

"அன்னைக்குத்தான். அன்னைக்கு அவங்க செஞ்சது இது ஒண்ணுதாங்க. கை தட்டினாங்க."

"அப்ப அடிச்சது?"

"அடிக்கலீங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அலமாரித் தட்டில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்த்தார். கடைசி ஜோடியை வைத்ததும், "நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பள்ளிவாசலில், டீக்கடையில், அவர் அக்கா வீட்டில் என்று ஒவ்வொரு பேராகச் சொன்னார். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாவது நாள், "மெம்பர் வீட்டுக்குப் போகோணும். நான் பேசமாட்டேன், நீதான் பேசோணும்" என்றார். அவர் வாசல்வரை வந்தார். நான் உள்ளே போய்ச் சொன்னேன்.

'சித்ரா டீச்சர் என் மகளை அடிக்கவில்லை, நான் சொன்னது பொய்' என்று என் கையால் எழுதி அங்கன்வாடி ஆபீஸில் கொடுத்திருக்கிறேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. அதே குரூப்பில் அதே குரலில் பதிந்து போட்டேன். பொழுது சாயத்தான் ஒருத்தி, "பாவம் டீச்சர்" என்று மட்டும் போட்டாள். மாமி, என் கையால் கொடுக்கும் தண்ணீரை இன்னும் வாங்குவதில்லை. இப்போதெல்லாம் வெளியே போனால் ஷஹ்லாவின் கையைப் பிடிப்பது எனக்கு ஆதரவாக இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் மறைவில் நடக்கிறேன்.

உங்கள் இடத்தில் வேறொருவர் வந்துவிட்டார். வடகரப்பதிப் பக்கம் ஒரு அங்கன்வாடி காலியாக இருக்கிறது, உங்களைக் கூப்பிட்டுக் கேட்போம் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டால் தயவுசெய்து எடுங்கள். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். நீங்கள் திரும்பி வந்தால் என் மனம் ஆறும் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. அது ஆறாது என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் இதற்கு வேறு ஆளும் இல்லை. ஷஹ்லாவுக்கு இனி ஒரு மொழிதான் வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். சின்னதிலேயே தொடங்கியிருந்தால் இரண்டும் வந்திருக்கும், இவ்வளவு தாமதமான பிறகு இரண்டையும் போட்டுக் குழப்பினால் ஒன்றும் நிற்காது என்கிறார்கள். மலையாளம் என்றால் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், பயிற்சியும் அதில்தான். ஆனால் எனக்கு அது தட்டுத்தடுமாறித்தான் வரும், என் மகளிடம் வாய் நிறையப் பேச முடியாது. தமிழ் என்றால் நான் நாள் முழுக்கப் பேசுவேன், பள்ளியில் அவள் தனியாகிவிடுவாளோ என்று பயம். அவர் ஒன்று சொல்கிறார், மாமி ஒன்று சொல்கிறார். என்னுடைய முடிவை நானே நம்புவதில்லை.

நீங்கள் இரண்டு மொழியிலும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். இரண்டே மாதத்தில், நான் ஒன்றரை வருஷம் மறைத்து வைத்ததைப் பார்த்தவர். எனக்கு எதுவும் எழுத வேண்டாம். ஒரு கார்டில், தமிழ் என்றோ மலையாளம் என்றோ, ஒரே ஒரு சொல் எழுதிப் போடுங்கள். நீங்கள் எதை எழுதுகிறீர்களோ அதில் அவளோடு பேசத் தொடங்குகிறேன்.

அல்லாஹ் உங்கள் மகளுக்கு நல்ல படிப்பையும் நீண்ட ஹயாத்தையும் தரட்டும். உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பெரிய தீங்கு செய்த,
ரஜீனா
(ஷஹ்லாவின் அம்மா)