ஆடு தின்ற ஆன்டிலாக்

உன் கருமாதி முடிந்த கையோடு, இன்று காலை உன் வீட்டம்மா உன்னுடைய டூல் பெட்டியைக் கொண்டுவந்து நம் மைக் செட் கடை மேசையில் வைத்துவிட்டு, "இனிமே இது உங்களுக்குத்தாண்ணா ஆவும்" என்றாள். திறந்ததும் பற்றவைக்கும் ஈயத்தின் வாசனை. உன் சட்டையில் எப்போதும் இருக்குமே, அதே வாசனை. கொஞ்ச நேரம் கண் கலங்கித்தான் போனது. பிறகு ஸ்குரூ டிரைவர்களுக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தேன். கலக்கமெல்லாம் போய்விட்டது. திருட்டுப் பயலே, ஆடு தின்றுவிட்டது என்று நீ சத்தியம் செய்த ஆன்டிலாக் அது.

பிளஸ் ஒன் முழுப் பரீட்சைக்கு நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு லாக் புத்தகம். பெருக்க வேண்டிய எண்களுக்கு முன்பாதியில் லாக் பார்த்துக் கூட்ட வேண்டும். கூட்டி வந்ததைப் பின்பாதியில் ஆன்டிலாக்கில் பார்த்தால் விடை. பெருக்கலைக் கூட்டலாக்கிக் கொடுக்கிற அந்தப் புண்ணியவான் புத்தகத்தை, பரீட்சை அன்று காலை பள்ளிக்கூட வாசலில் வைத்து நடுவில் கிழித்தோம். "நீ லாக் வச்சிக்கோ, நான் ஆன்டிலாக் வச்சிக்கிறேன். பாதியில மாத்திக்கலாம்" என்றாய். திட்டம் உன்னுடையது. அதனால்தான் அப்படி இருந்தது.

மாற்றிக்கொள்ளும் நேரம் வந்தபோது மேற்பார்வைக்கு வந்த சார் நம் இரண்டு பெஞ்சுக்கும் பக்கத்தில் வந்து நின்றார். நின்றவர் நகரவே இல்லை. 34.2-ஐ 27.6-ஆல் பெருக்க வேண்டும். நான் இரண்டுக்கும் லாக் பார்த்து, கூட்டி, 2.9749 என்று எழுதிவிட்டு, போன ஊரில் கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பின் பெஞ்சில் இருந்த நீ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நான் கூட்டியதை எடுத்து, உன் ஆன்டிலாக்கில் விடை பார்த்து எழுதிவிட்டாய். கையாலேயே பெருக்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அது நம் இருவருக்குமே தோன்றவில்லை.

நீ பாஸ். நான் சரியாக அந்தக் கணக்குக்கான மார்க்கில் பெயில். என்னைவிடக் குள்ளமான பையன்களோடு அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார்ந்தேன். உன்னிடம் வந்து பின்பாதியைக் கேட்டபோது, "ஆடு தின்னுடுச்சுடா, சத்தியமா" என்றாய். உங்கள் வீட்டு ஆட்டை நான் பார்த்திருக்கிறேன். வேலி முள்ளையே விடாது. அதனால் நம்பினேன். ஆனால் அந்த ஒரு வருடத்தை மன்னிக்கவில்லை. சேர்ந்து கடை போட்ட பிறகும், பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த உன் சம்பந்தியிடம்கூட, "இவன் என் லாக்குல பாஸானவன்" என்றுதான் உன்னை அறிமுகப்படுத்தினேன். நீ வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய்.

நமக்கு லாக் உண்மையில் புரிந்தது அடி அண்ணாமலையில்தான். ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. பத்து குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். சத்தம் அளக்கும் மீட்டரோடு ஓர் அதிகாரி வந்தார். "எண்பத்தஞ்சு டெசிபல் காட்டுது. எழுபத்தஞ்சுக்குக் கொண்டு வாங்க. இல்லன்னா செட்டைத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றார். நம்மிடம் இருந்ததே அந்த ஒரு செட்தான், அது போனால் கடையும் போச்சு. "பத்துதானே கம்மி பண்ணணும்" என்று நான் தாராளமாக ஒரு ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினேன். மீட்டர் அரைப் புள்ளி இறங்கியது. கோபத்தில் இன்னும் நாலைப் பிடுங்கினேன். எண்பத்திரண்டு. "மீட்டர் ரிப்பேர் சார்" என்றேன்.

"டெசிபல்ன்றது லாக் கணக்குங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். நீதான் வேப்பங்குச்சியால் மண்ணில் எழுதிப் பார்த்தாய். "டேய், பத்து டெசிபல்னா லாக்குல ஒண்ணு. ஒண்ணுக்கு ஆன்டிலாக் பத்து. அப்படின்னா பத்துல ஒரு பங்குதான் இருக்கணும். ஒம்போதையும் புடுங்கு."

பிடுங்கினோம். எழுபத்தைந்து. செட்டு தப்பித்தது. விழா கமிட்டிக்காரர் ஓடி வந்து, "பத்துன்னு பேசிட்டு ஒண்ணுதான் பாடுது, இன்னாய்யா இது" என்று சண்டைக்கு நின்றார். "அண்ணே, கண்ண மூடிக் கேளுங்க. பாதிதான் கம்மியாயிருக்கும்" என்றாய். அவரும் மூடிக் கேட்டார். "ஆமா, பாதிதான் கம்மி" என்று ஒப்புக்கொண்டு கூழ் குடிக்கப் போய்விட்டார். "நம்ம காதும் ஏறக்குறைய லாக்குலதான்டா கேக்குது" என்றாய் என்னிடம். ஆடு புத்தகத்தைத் தின்ற பிறகும் ஆன்டிலாக் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். "அந்த ஆட்டுப்பாலைத்தானே குடிச்சேன்" என்றாய்.

இப்போது அந்தப் பாதி என் முன்னால் இருக்கிறது. ஓரமெல்லாம் உன் விரல் அழுக்கு. .97 வரிசைக்குப் பக்கத்தில், பென்சிலில், உன் கோணல் எழுத்து: "943.9. எழுதிக்கோடா." அன்று நான் எழுதாமல் விட்ட விடை. அந்த மூலையை மடித்துக் கிழிக்கப் பார்த்த தடமும் இருக்கிறது. எனக்கு நீட்டத்தான் கிழிக்கப் பார்த்திருக்கிறாய். சார் திரும்பியிருப்பார், நீ பயந்திருப்பாய். பயந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, பழியை ஆட்டின் மேல் போட்டுவிட்டாய். இதைக் காட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும், மடையா. முப்பது வருடமாக ஊர் முன்னால் உன்னைக் கேலி செய்தேன், நீ வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்றைக்கும் எந்தக் கணக்கையும் பாதிவரை போட்டுவிட்டு, முடித்துக் கொடுக்கச் சொல்லி உன் ஸ்டூல் பக்கம்தான் திரும்புகிறேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது.

"இன்னாண்ணா அது, பழைய பேப்பரா?" என்று உன் வீட்டம்மா கேட்டாள். "ஆடு தின்னது போக மிச்சம், தங்கச்சி" என்றேன். அவள் போன பிறகு, பென்சிலைத் தேடி எடுத்து, உன் வரிக்குக் கீழே எழுதினேன்: "எழுதிக்கிட்டேன்டா."