ஹரிப்பிரியாவின் தாய்மாமன்

திருப்பூர்,
8-2-2004

அன்புள்ள அத்தானுக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். நானும் சத்யாவும் இங்கே சுகம். மொரீஷியஸில் மழை நின்றதா, உங்கள் இருமல் நின்றதா?

போனில் பேசினால் பாதி நேரம் "கேட்குதா, கேட்குதா" என்றே போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். பிள்ளைகள் இரண்டும் என்றைக்கு என்ன செய்தார்கள் என்று தேதி போட்டு எழுதச் சொன்னீர்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் சத்யப்பிரியா, ஒரு பக்கம் ஹரிப்பிரியா என்று எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். நான் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவ்வப்போது குறித்து வைக்கிறேன்.

சத்யா ஜனவரி 19 அன்று தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். குடம் சாய்ந்துவிட்டது. பத்து நாள் கழித்து நல்ல தண்ணீர் வந்த அன்றைக்குப் பார்த்து இப்படிச் செய்தாள். முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். தரையைத் துடைக்கும்போதுதான் பிள்ளை முதல்முறையாக நின்றிருக்கிறாள் என்பது உறைத்தது. அழுதுகொண்டே மறுபடி நின்று காட்டினாள். மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல்.

நான் கம்பெனிக்குப் போகும் நேரமெல்லாம் அவள் பக்கத்து அறை மயிலாளக்காவிடம் இருக்கிறாள். அந்த அக்கா பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டே நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை தொட்டிலில் கிடக்கும். குறை சொல்ல முடியாது. இப்போது ஷிப்மெண்ட் நேரம், தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது.

ஹரிப்பிரியாவைப் போன மாதம் இரண்டாம் ஞாயிறு கொமரலிங்கத்தில் அமராவதி அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தலையணை வைத்தால்தான் உட்காருகிறாள். பல் இன்னும் இல்லை. ஆனால் கன்னம் வைத்திருக்கிறது. ஒரு கிலோ நானூறு எடையில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது இந்தப் பிள்ளைதானா என்று இருந்தது. உங்கள் அக்கா மூன்று மாதம் நெஞ்சோடு துணியைச் சுற்றிக் கட்டி, குளிக்கப் போகும்போது மட்டும்தான் இறக்கினாராம். அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் ஒரு வயது வரைக்கும் என்றுதானே பேச்சு. அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி இரண்டுக்கும் ஒரு வயது முடிகிறது. அன்றைக்கே கூட்டி வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். நானாகக் கேட்டால் நன்றாக இருக்காது. நீங்கள் அக்காவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சத்யா என் பேனாவைப் பிடுங்குகிறாள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நாகஜோதி


திருப்பூர்,
19-9-2004

அன்புள்ள அத்தானுக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய போட்டோ வந்தது. மெலிந்துவிட்டீர்கள். அங்கே தலைக்கு எண்ணெய் வைப்பதில்லையா?

சத்யா நடந்தது மே 9. நான் பார்க்கவில்லை. மயிலாளக்கா சொல்லித்தான் தெரியும். அறையிலிருந்து வாசல்வரை ஏழெட்டு அடி வைத்து, பிசிறு மூட்டையின் மேல் விழுந்தாளாம். நான் வந்தபிறகு ஒரு மணி நேரம் கெஞ்சினேன், நடக்கவில்லை. மறுநாள் காலையில் நடந்தாள். எந்தத் தேதியை நோட்டில் எழுதுவது என்பது உங்கள் இஷ்டம்.

ஹரிப்பிரியா ஜூலையில் நடந்தாள். இப்போது ஓடுகிறாள். தென்னந்தோப்புக்குள் விட்டால் பிடிக்க முடியவில்லை. பேச்சும் வந்துவிட்டது. காக்கா, தேங்கா, மாடு, பூ, தா, வேண்டாம். எண்ணிப் பார்த்ததில் பதினொரு சொல். "ம்மா"வும் சொல்கிறாள்.

பிறந்தநாளன்றே கூட்டி வருகிறேன் என்று கேட்டேன் அல்லவா. அப்போது அக்கா, "திருப்பூர்த் தண்ணி இந்தப் புள்ளைக்கு ஒத்துக்காதுங் கண்ணு, வெயிலு போவட்டும்" என்றார். வெயில் போனது. இப்போது, "மழ முடியட்டும் அம்மிணி" என்கிறார். அக்கா வீட்டுக்காரர் சாமியப்பன் அண்ணன் எழுந்து தோப்புப் பக்கம் போய்விடுகிறார். நீங்கள் எழுதினீர்களா இல்லையா? எழுதியிருந்தால் என்ன எழுதினீர்கள்? போனில் கேட்டபோது "சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்" என்று வைத்துவிட்டீர்கள்.

சத்யாவும் பேசுகிறாள். உங்கள் போட்டோவைக் காட்டினால் "அப்பா" என்கிறாள். இந்த மாதம் நான்காம் தேதி முதல் சொல்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து போட வந்த நர்ஸம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காது கேட்குமா என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி! டி.வி.யில் விளம்பரப் பாட்டு வந்தால் திரும்புகிறாளே. அன்றைக்குத் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான்.

தீபாவளிக்காவது இரண்டும் ஒரே பாயில் படுக்கவேண்டும் என்று ஆசை. அக்காவுக்கு எழுதுங்கள்.

உங்கள்
நாகஜோதி


முருகன் துணை

மொரீஷியஸ்,
2-2-2005

அன்புள்ள ஜோதிக்கு,

வேல்குமார் எழுதிக்கொண்டது. போன வாரம் இங்கே தைப்பூசம். நம்மூரைப் போலவே காவடி எடுத்தார்கள். நம் பிள்ளைகள் பெயரைச் சொல்லி நானும் ஒரு காவடி எடுத்தேன்.

கம்பெனியில் என்னைக் கட்டிங் மாஸ்டராகவே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டுச் செய்திருக்கலாம். நேரம் இல்லை.

ஒரு விஷயம். கோபப்படாமல் படி. சத்யா "அப்பா" என்று சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்கு நான் வேலை செய்யவில்லை. கூட இருக்கிற பையன்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அக்கா எழுதியிருக்கிறாள். தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது சத்யா மூன்று நாளும் ஒரு சொல் பேசவில்லையாம். வேண்டியதைக் கையைக் காட்டியே கேட்கிறாளாம். பெரியப்பா மகன் பொங்கியண்ணனும் அதையே சொன்னான். நோட்டில் எழுதியிருந்த "அப்பா"வை அடித்துவிட்டேன். ஏன் ஜோதி இப்படிச் செய்தாய்?

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ காலையில் போனால் ராத்திரி வருகிறவள். ஆனால் நோட்டைத் திறந்தால் எனக்கே பயமாக இருக்கிறது. முதலில் நின்றது, முதலில் நடந்தது எல்லாம் சத்யாதான். அதற்கப்புறம் அவள் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. பிழைக்குமா என்று டாக்டர் கைவிரித்த பிள்ளை இன்றைக்குப் பாட்டுப் பாடுகிறது. நானாக ஒன்றும் சொல்லவில்லை, நீ எழுதி அனுப்பிய தேதிகள்தான் சொல்கின்றன.

ஹரிப்பிரியா இருக்கிற இடத்தில் இருக்கட்டும். நன்றாக வேர் பிடித்த செடியை அசைக்கவேண்டாம். முடிந்தால் சத்யாவையும் கொஞ்ச நாள் அக்காவிடம் விட்டுப் பார். மற்றதை நான் வந்து பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்
வேல்குமார்


திருப்பூர்,
26-5-2005

திரு. வேல்குமார் அவர்களுக்கு,

நாகஜோதி எழுதுவது. உங்கள் பிப்ரவரிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போடுவதற்கு எனக்கு முகம் இல்லை. "அப்பா" என்பது பொய்தான். உங்கள் நோட்டில் சத்யா பக்கம் காலியாக இருக்கக்கூடாது என்று எழுதினேன். அந்த ஒரு பொய்க்காக மூன்று மாதமாக நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்போது அந்த வெட்கம் போய்விட்டது.

பத்து நாளுக்கு முன்னால் பொங்கியண்ணன் லைன் வீட்டுக்கு வந்தார். தட்டில் தேங்காய், வெற்றிலை, நடுவே ஒரு பத்திரிகை. "மாமன் ஊட்டுக்குத்தான் மொதப் பத்திரிகை வெக்கோணுமுன்னு அமராவதி சொல்லியுட்டாங்க" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. என்ன மாமன் வீடு என்று எனக்கு விளங்கவில்லை. அவர் போனபிறகுதான் பிரித்தேன். சாமியப்பன், அமராவதி தம்பதியரின் செல்வப் புதல்வி ஹரிப்பிரியாவுக்கு மொட்டையடித்துக் காது குத்து. கீழே, "தாய்மாமன்: வேல்குமார், மொரீஷியஸ்."

மயிலாளக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன விசேஷம் என்று கேட்டது. என் வாயால் அதை வாசித்துக் காட்டினேன்.

உங்கள் மகளுக்கு நீங்கள் மாமன். அப்படியானால் நான் அவளுக்கு அத்தை. என்னை அழைத்தது அந்த முறையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். என் தம்பி மாதவன் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தான். புதுப் பாவாடை, சட்டை, காதுக்குத் தோடு எல்லாம் தாய்மாமன் சீராக அவனே வாங்கி வந்தான். கோயிலில் மாதவன் பலகையில் உட்காரப் போனான். சாமியப்பன் அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு வந்து தடுத்தார். "நீங்க வந்ததே சந்தோசமுங்க தம்பி. ஆனா மடியில வெச்சுக்கறதுக்கு, மச்சானுக்குப் பதிலாப் பொங்கியண்ணன் உக்காந்துக்குவாப்டிங்க" என்றார்.

"இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் இந்தா நிக்கான்" என்று நான் சொன்னேன். கோயிலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னும் சத்தம் போட்டிருப்பேன். அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உங்கள் கையெழுத்து. 17-7-2003. நீங்கள் விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முன்னால் எழுதியது. "ஹரிப்பிரியா இனி உங்கள் பிள்ளை. நானும் நாகஜோதியும் மனமுவந்து தருகிறோம்."

நாகஜோதியும்!

பிள்ளைகளின் பல்லையும் நடையையும் தேதி போட்டு எழுதச் சொன்னது அதற்குப் பிறகுதானே? கொடுத்துவிட்ட பிள்ளைக்கு எதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தீர்கள்?

மாதவனுக்கு ஆத்திரம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று கையை நீட்டிவிட்டான். நான்தான் அவனைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. பொங்கியண்ணன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். ஊசி இறங்கியதும் ஹரிப்பிரியா "ம்மா" என்று அலறி இரண்டு கையையும் நீட்டினாள். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். கை என்னைத் தாண்டி உங்கள் அக்காவிடம் போனது. அக்கா அள்ளிக்கொண்டார். இடுப்பில் இருந்த சத்யா என்னைவிட்டு நழுவி இறங்கினாள். அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, தங்கை சொன்னதைப் போலவே "ம்மா" என்றாள். பிறகு இன்னொரு தடவையும் சொன்னாள்.

இந்த முறை பொய் இல்லை. மே 22, ஞாயிற்றுக்கிழமை. ஊரே கேட்டது. எழுதிக்கொள்ளுங்கள்.

பந்தி முடிந்ததும் உங்கள் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கென்ன தெரியும் அம்மிணி? உனக்குச் சம்மதமுன்னு தம்பி சொன்னான். வாயத் தொறந்து சொல்ல அவளுக்கு வெக்கம், நீ ஒண்ணும் கேட்டுப் போடாதேன்னு சொல்லிப்போட்டுத்தான் ஏரோப்ளேன் ஏறுனான். நீ ஒவ்வொருக்கா வந்து புள்ளையக் கேக்கறப்பவும், குடுத்த மனசு மாறிப்போச்சாட்டன்னுதான் பயந்துக்கிட்டு மழைன்னும் வெயிலுன்னும் சொன்னேன்" என்றார்.

அவருக்குப் பதினாறு வருடமாகப் பிள்ளை இல்லை. அவரை என்ன கேட்பது? கேட்க வேண்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம் காவடி எடுக்கிறார்.

"பிள்ளையத் தாங்க மதினி" என்று கேட்டேன். "குடுக்கறேன், ஆனா இன்னைக்கு முடியாதுங் கண்ணு" என்றார். என்றைக்கு முடியும் என்று நான் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவர் கொடுத்திருந்தாலும் அந்தப் பிள்ளை என்னோடு பஸ்ஸில் வந்திருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் துணியோடு எடுத்துக் கொடுத்தது நான்தானே. நீங்கள் ஒரு வருடம் என்றீர்கள். நான் தலையாட்டினேன். ஒன்றாவது பிழைக்கட்டும் என்று கையிலிருந்ததை மட்டும் பார்த்தேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை உங்கள் தலையில் ஏற்றவில்லை.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கொமரலிங்கத்தில் பள்ளிக்கூடத் தெருவில் ஓர் அறை பார்த்தாகிவிட்டது. உடுமலைப் பக்கம் உள்ள ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி வேன் அந்த ஊர் வழியாக வருகிறது. பவர்டேபிள் மெஷினில் தைக்க ஆள் வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை மாதவன் சாமான்களை ஏற்றுகிறான். அவர்களுடைய தோப்பு வீட்டில் இருக்கச் சொல்லி அக்கா கூப்பிட்டார். மாட்டேன் என்றுவிட்டேன்.

காலையில் வேன் ஏறுமுன் சத்யாவையும் அக்காவிடம்தான் விடவேண்டும். எனக்கு வேறு ஆள் கிடையாது. நீங்கள் விரும்பியபடியே ஆகிறது, சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி அந்த வாசலில் நின்று இரண்டு பேரையும் கூப்பிடுவேன். ஒன்றுதான் வரும். தெரியும். சில நாள் அதுவும் வராது. தங்கையை விட்டு எழுந்திருக்காது. ஆனாலும் தினமும் இரண்டு பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

நீங்கள் வந்து பஞ்சாயத்துப் பேசவேண்டாம். எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இனிமேல் எங்கள் இரண்டு வீடும் ஒரே ஊரில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும். அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எழுதாதீர்கள். ஒரே தாளில் எழுதுங்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்துக்கொள்கிறோம்.

எங்கே இருந்தாலும் முருகன் உங்களை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சத்யப்பிரியாவையும் ஹரிப்பிரியாவையும் பெற்ற
நாகஜோதி