மதம் என்ற கட்டம்

புத்தலப்பட்டு,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள கன்னிகா அக்காவுக்கு, தங்கை ரோஜா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இதை யாருக்கும் காட்டாதே அக்கா. உன் ரூமில் இருக்கிற மஞ்சுவுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. போனை நைனா பிடுங்கி வைத்திருக்கிறார். நாளை என் சினேகிதி ஜமீலா திருப்பதிக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டது. நல்ல செய்தி அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பாரம் கொடுத்தார்கள். எப்போதும் நைனாதான் நிரப்புவார். இந்த முறை வகுப்பிலேயே எங்களை எழுதச் சொன்னார்கள். மதம் என்ற கட்டத்தில் நான் கிறிஸ்தவம் என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் வகுப்பு நாகபூஷணம் சார் ஜாதி சர்டிபிகேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏமம்மா, இதில் எஸ்.சி. இந்து என்றிருக்கிறதே என்று கேட்டார். சபைக்குப் போகிறோம் சார் என்றேன். விஷயம் வருவாய் ஆபீஸ்வரை போய்விட்டது. திங்கட்கிழமை கிராம வருவாய் அதிகாரி, அந்த வி.ஆர்.ஓ., வீட்டுக்கே விசாரணைக்கு வருகிறார். நாம் கிறிஸ்தவர்கள் என்று எழுதிவிட்டால் எஸ்.சி. போய் பி.சி. ஆகிவிடுவோமாம். உன் நர்சிங் சீட்டும் அந்த சர்டிபிகேட்டில் வந்ததுதானாம். எனக்கு இதெல்லாம் தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது.

நைனா கையை ஓங்கினார், அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. உன் உண்மை உன் அக்கா படிப்பைத் துன்னுடும்டி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து சுவரில் இருந்த வசனக் காலண்டரைக் கழற்றினார். பக்கத்து வீட்டுக் கமலம்மாவிடம் போய் காணிப்பாக்கம் பிள்ளையார் படத்தைக் கேட்டு வாங்கி வந்து அதே ஆணியில் மாட்டினார். சாமியை என்ன வாடகைக்கா கேக்கறே என்று கமலம்மா சிரித்தாளாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவங்க சாமிக்கும் இது அவமானம்தானே? இருபது வருஷமாகப் பொட்டு வைக்காத அம்மாவுக்குக் குங்குமம் வைத்துப் பழக்குகிறார். அம்மா துடைக்கிறாள், நைனா திரும்ப வைக்கிறார்.

மாசிலாமணி பாஸ்டரிடம் போனேன். கீழ்ப்படிதல் என்றால் முதலில் தகப்பனுக்குத்தான், எல்லா வீட்டிலும் பேப்பரில் ஒன்று, ஜெபத்தில் ஒன்று, நீ மட்டும் பெரிய பரிசுத்தவாட்டியா என்று கேட்டார். என்னைத் தண்ணீரில் முழுக்கும்போது, தினமும் செய்கிற சின்ன விஷயத்தில் உண்மையாயிரு, அதுதான் ஊழியம் என்றவரும் இவர்தான். இதைவிடச் சின்ன விஷயம் எது? ஒரு விரல் அகலக் கட்டம்!

அந்த ஆபீஸ்காரர்கள்மேலும் கோபம் வருகிறது. இயேசுவைக் கும்பிட்டால் நாம் வேறு ஜாதி ஆகிவிடுவோமா? ஊருக்குள் இன்னும் நம்மை வாசலில் நிறுத்தித்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நீ எந்தச் சாமி என்று கேட்டுவிட்டா ஊற்றுகிறார்கள்?

உன்மேலும் கோபம்தான். ஞாயிறு வகுப்பில் பொய் சொல்லாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. உன் பாரத்தில் அந்தக் கட்டத்தை நைனா நிரப்பினாரா, நீயே நிரப்பினாயா?

திங்கட்கிழமை வி.ஆர்.ஓ. என்னைத்தான் கேட்பாராம். பாட்டுக்காகத்தான் சபைக்குப் போனேன் என்று சொல்லச் சொல்கிறார் நைனா. மூன்று நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு புரளமாட்டேன் என்கிறது. உண்மையைச் சொன்னால் நீ பெட்டியோடு வீட்டுக்கு வருவாய். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. எனக்காக ஜெபிக்கிறேன் என்று மட்டும் எழுதாதே. சீட் போனாலும் போகட்டும் என்று எழுது. இல்லையென்றால் பொய் சொல் என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜமீலாவிடமே கொடு. இரண்டில் ஒன்று. கர்த்தர் உன்னை

கதவைத் தட்டுகிறார்கள். நைனாதான். பேரைச் சொல்லிக் கூப்பி