மைக் வருவதற்கு முன்

தம்பி,

இன்று காலை பரணை ஒழித்தபோது உன் கீபோர்டு கிடைத்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. பேரன் வாங்கிப் பார்த்தான். "இதுலயா பாட்டி மாமா தாத்தா கேம் ஆடினாரு?"

"ஆமாண்டா. ஜெயிச்சாலும் தோத்தாலும் முடிஞ்சதும் ஜிஜி போடுவான்."

சிரித்தான். "ஜிஜி, நூப்பு எல்லாம் பழசு பாட்டி. இப்ப யாரு டைப் பண்றாங்க? மைக்ல கத்துறதுதான்."

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வார்த்தைகள் உனக்கு முன்பே போய்விட்டன.

அவை எப்படி வந்தன என்று நீதான் எனக்கு எழுதிக் காட்டினாய். பிறவியிலேயே உனக்குக் காது கேட்காது, பேச்சும் வரவில்லை. நமக்குள் கைச்சாடையும் துண்டுச்சீட்டும்தான். நான் அஞ்சாவதோடு நின்றவள் என்பதால் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவாய். "ஆட்டத்தில் சுடுகிற நேரத்தில் டைப் அடிக்கக் கை ஒழியாது. அதனால் வார்த்தையை வெட்டிவிட்டார்கள்." நல்ல ஆட்டம் என்பதற்கு ஜிஜி. இடத்தை விட்டு எழுந்து போனால் ஏஎஃப்கே. ஆடத் தெரியாதவன் நூப். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் சரியாகத் தெரியும்.

திருப்போரூர் ஜெராக்ஸ் கடையில் நாளெல்லாம் பத்திரம் டைப் அடித்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டத்தில் உட்கார்ந்தால் உன் விரல் வேகம் யாருக்கும் வராது. கூட்டாளிகள் நாலு பேரும் மதுராந்தகத்துப் பையன்கள், முகம் பார்த்ததில்லை. "அண்ணாத்த சரியான நூப்பு" என்று அவர்கள் திட்டுவதை என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பாய். கடையில் உன்னை யாரும் திட்டியதில்லை. பாவம் என்பார்கள். ஆட்டத்தில் எல்லோரும் கையால்தான் பேசினார்கள், அதனால் நீ யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு மைக் வந்தது. "மைக் போடு அண்ணாத்த" என்று கேட்டார்கள். "ரிப்பேர்" என்று அடித்தாய். மாசக்கணக்கில் ரிப்பேர். நீ அடிப்பதை யாரும் படிப்பதில்லை என்று புரிந்ததும், மைக் வைத்த ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்து என் காதில் மாட்டி, என்ன பேசுகிறார்கள் கேட்டுச் சொல் என்று சாடை காட்டினாய்.

"இந்தாளு இன்னாடா, வாயே தொறக்காம கீறாரு?"

"பேஜாருடா. தூக்கிட்டு வேற ஆளப் போடு."

உன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கிலேயே கத்தினேன். "டேய், நான் அவன் அக்கா பேசறேன். அவனுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. அவன் அடிக்கறத படிக்கறதுக்கு உங்களுக்கு இன்னா நோவு?"

அப்புறம் ஒருவன், "சாரிக்கா, தெரியாதுக்கா" என்றான். ஜெயித்தவள் மாதிரி ஹெட்போனைக் கழற்றினேன். என்ன சொன்னாய் என்று கேட்டாய். சாடையில் சொன்னேன். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரம் அவர்கள் டைப் அடித்தார்கள். "அண்ணா, சாப்பிட்டீங்களா?" "நீங்க பின்னாடி நில்லுங்கண்ணா, நாங்க பாத்துக்கறோம்." வெட்டாத, முழு வார்த்தைகள். நீ தப்பாகச் சுட்டு ஆட்டமே தோற்றபோதும் "பரவால்லண்ணா" என்றார்கள். மூன்றாவது ஞாயிறு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாய்: "இப்போது எவனும் என்னை நூப் என்று திட்டமாட்டேன் என்கிறான்."

அதற்குப் பிறகு நீ ஆடவில்லை.

நான் சும்மா இருந்திருந்தால் உன்னைத் தூக்கியிருப்பார்கள். நீயும் நாலு திட்டு திட்டிவிட்டு வேறு கும்பலைத் தேடிப் போயிருப்பாய். போயிருப்பாயா, தெரியாது. தம்பிக்காகப் பேசினேன் என்று வெகுநாள் பெருமையாகத்தான் இருந்தேன். உன்னைக் கேட்டுவிட்டுப் பேசவில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து உன் மாமாவுக்குப் பேச்சு குழறுகிறது. போன வாரம் செங்கல்பட்டில் டாக்டர் அவரிடம் எங்கே வலி என்று கேட்டார். அவர் வார்த்தையைக் கூட்டுவதற்குள் டாக்டர் என் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குப் பதில் தெரியும்.

"இருங்க டாக்டர், அவரே சொல்லுவாரு" என்றேன்.

கொஞ்ச நேரம் ஆனது. சொன்னார்.