பின் சக்கரத்துப் புகை

டிரைவரம்மாவுக்கு,

எழுப்ப மனம் வரவில்லை. "நீ ஓட்டுற லட்சணத்தாலதான் வண்டி புகையுது" என்று நேற்று நடுரோட்டில் கத்திய பிறகு, எழுப்பத் தைரியமும் இல்லை. முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன்.

காலையில் மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "புகை முன்னாடி வந்துச்சா, பின்னாடியா?" என்றார். பின் சக்கரத்திலிருந்து, கருகல் நாற்றத்தோடு என்றேன். "அப்போ எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்காம ஓட்டியிருக்கீங்க. உடனே ஓரங்கட்டி ஆறவிட்டது நல்லதாப் போச்சு."

ஓரங்கட்டியது நீ. தண்ணீர் ஊற்றச் சொல்லிக் குதித்தது நான்.

"கத்துக்கறவங்க இறக்க மறந்திருப்பாங்க" என்றும் சொன்னார். ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் என் உள்ளங்கை வலிப்பது உறைத்தது. நீ ஓட்டிய வழி நெடுக, பயத்தில் நான் இறுக்கிப் பிடித்திருந்தது அந்த ஹேண்ட் பிரேக்கைத்தான். வளைவுக்கு வளைவு கொஞ்சம் இழுத்தும் இருக்கிறேன் போல. வீட்டுக்கு நானே ஓட்டிவரும்போது "நான் ஓட்டினா புகை வருதா பாரு" என்று பெருமை வேறு!

பத்து மணிக்கு அவர் வருவார். சாவி கதவோரத்து ஆணியில் இருக்கிறது. பிரேக்கைப் பார்த்துச் சரி என்றால், சாயங்காலம் நீதான் ஓட்டுகிறாய்.

நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

(மூலையில் கொஞ்சம் இடமிருக்கிறது.) மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம் சிரித்தார். நீயும் சிரித்து முடித்துவிட்டு போன் பண்ணு.